கருவாமுனைக் காட்டில் நான் தலை குனிந்த காரணம்

திருவனந்தபுரம்,
செவ்வாய்க்கிழமை.

மதிப்பிற்குரிய லிங்கராஜ் மாமா அவர்களுக்கு, தங்கச்சி மகள் ஷிஜா வணக்கத்துடன் எழுதுவது. இங்கே அப்பா, அம்மா, நான் மூன்று பேரும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். அங்கே ஆலங்குளத்தில் நீங்களும் அத்தையும் நன்றாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நன்றாகத்தான் இருக்க வேண்டும், ஏனென்றால் இந்தக் கடிதத்தைப் படித்து முடிக்கக் கொஞ்சம் தெம்பு தேவைப்படும். முடிந்தால் உட்கார்ந்து படியுங்கள்.

போனில் சொல்லக் கூடாதா, கடிதம் எதற்கு என்று கேட்பீர்கள். நேற்றும் இன்றுமாக உங்களுக்கு ஆறு தடவை போன் செய்தேன். ஆறு தடவையும் நீங்கள்தான் பேசினீர்கள். நான் "மாமா" என்று தொடங்கினாலே, "தெரியும்ட்டி, எல்லாம் தெரியும், மாமா பாத்துக்கிடுதேன்" என்று வைத்துவிடுகிறீர்கள். இருபத்திரண்டு வருஷம் மினி பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவருக்கு, எதிரே நிற்பவர் ஊர்ப் பேரைச் சொல்வதற்கு முன்பே டிக்கெட்டைக் கிழித்துக் கையில் கொடுக்கும் பழக்கம் வந்துவிடும் போலிருக்கிறது. கடிதத்தை நடுவில் நிறுத்தி உங்களால் பேச முடியாது. அதனால் எழுதுகிறேன்.

விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை எனக்கும் செல்வகணேஷ் என்பவருக்கும் எங்கள் வீட்டில் வைத்து நிச்சயம் செய்வதாக அவர்கள் வீட்டுக்கு நீங்கள் வாக்குக் கொடுத்திருக்கிறீர்கள். கொடுத்த நீங்களே போய் அதைத் திரும்ப வாங்க வேண்டும். நான் சம்மதம் சொல்லவில்லை. வாயாலும் சொல்லவில்லை, தலையாலும் சொல்லவில்லை. "அதான் எல்லாரும் கண்ணால பாத்தோமே" என்பீர்கள். நீங்கள் பார்த்தது வேறு. அது என்ன என்பதைத்தான் கீழே வரிசையாக எழுதியிருக்கிறேன்.

போன சனிக்கிழமை நீங்கள் ஊரிலிருந்து வந்து இறங்கியபோது என்ன சொன்னீர்கள்? "ஷிஜா பிள்ளை வருஷம் முந்நூத்தி அறுபத்தஞ்சு நாளும் அந்தத் தையக்கடைக்குள்ளயே கெடக்கா. நாளைக்கு எல்லாரும் கருவாமுனை போவோம். கவர்மெண்டு தேசியப் பூங்கா. சின்ன எடந்தான், ஆனா இந்தப் பக்கம் காடு, அந்தப் பக்கம் கடலு. மழைக்காட்டுக்குள்ளயே நடந்து போலாம்." இதை நம்பி நான் எவ்வளவு சந்தோஷப்பட்டேன் என்று உங்களுக்குத் தெரியாது. பிறந்ததிலிருந்து பத்தொன்பது வருஷமாக இந்த ஊரில்தான் இருக்கிறேன், ஒரு காட்டையும் பார்த்ததில்லை. தையல்கடை முதலாளி மங்கலம் அக்காவிடம் முதல் தடவையாக வாயைத் திறந்து லீவு கேட்டேன். கேட்டேன் என்றால், அன்று பகல் முழுதும் மனப்பாடம் செய்து வைத்துக்கொண்டு, காஜா மிஷின் ஓடும் சத்தத்தில் கேட்டேன். அவர் ஆச்சரியத்தில் உடனே கொடுத்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அம்மா என்னை உட்கார வைத்துத் தலை சீவி, நாலு முழம் மல்லிகைப்பூ வைத்து, மயில் கழுத்து நிறப் பட்டுச் சேலையை எடுத்து நீட்டினார்கள். "காட்டுக்கு எதுக்கும்மா பட்டு?" என்று கேட்டேன். "போட்டோ எடுக்கணும்லா" என்றார்கள். "எல்லாரும் பேண்ட் போட்டுட்டு வருவாங்கம்மா." "அவங்க வரட்டும், நீ இதக் கட்டு." இதற்குப் பிறகும் எனக்குப் புரியவில்லை என்றால் அது என் முட்டாள்தனம்தான், ஒத்துக்கொள்கிறேன். புரோட்டா மாஸ்டருக்கு ஞாயிற்றுக்கிழமை லீவு கிடையாது என்பதால் அப்பா வரவில்லை. ஓட்டலுக்குக் கிளம்பும்போது, வழக்கமில்லாமல் என் தலையில் கை வைத்துவிட்டுப் போனார். அப்போதும் எனக்குப் புரியவில்லை.

பஸ்ஸில் இரண்டு மணி நேரம். பூங்கா வாசலில் இறங்கியதும் நீங்கள் கையைத் தூக்கி, ஆச்சரியப்படுகிறவரைப் போல வாயைப் பிளந்து, "அட! யாருடே இது, வன்னியராஜா? நீ எங்கடே இங்க?" என்று கத்தினீர்கள். அங்கே வேட்டியும் கட்டம் போட்ட சட்டையுமாக நின்ற அந்த மனிதர் தனக்குச் சொல்லிக் கொடுத்த வசனத்தை மறந்துவிட்டு, "நீதானல்லா ஒம்பது மணிக்கு வரச் சொன்ன? மணி பத்தாவுது" என்றார். பக்கத்தில் அவர் மனைவி மாடம்மாள். அதற்கும் பின்னால், கழக்கூட்டத்தில் பெரிய கம்ப்யூட்டர் கம்பெனிக் கட்டடத்தில் ஏ.சி. மெக்கானிக்காக இருக்கும் அவர்கள் மகன் செல்வகணேஷ். அப்போதுதான் எனக்குப் புரிந்தது. என்னைக் காடு பார்க்கக் கூட்டி வரவில்லை, காட்டுவதற்குக் கூட்டி வந்திருக்கிறீர்கள். அம்மாவைத் திரும்பிப் பார்த்தேன். அம்மா அறிவிப்புப் பலகையைப் படித்துக்கொண்டிருந்தார்கள். அது முழுவதும் மலையாளத்தில் இருந்தது. அம்மாவுக்கு மலையாளம் பேசத்தான் தெரியும், படிக்கத் தெரியாது.

வீட்டுக்கு வந்து பார்த்துவிட்டு வேண்டாம் என்று போனால் தெருவெல்லாம் பேசுவார்கள், பொது இடத்தில் என்றால் யாருக்கும் தெரியாது, பெண்ணுக்கும் கேவலமில்லை என்று பிறகு விளக்கம் சொன்னீர்கள். கோயில், கடற்கரை, ஜவுளிக்கடை என்று எத்தனையோ பொது இடங்கள் இருக்கின்றன. ரத்தம் குடிக்கும் அட்டை இருக்கிற இடம்தானா உங்களுக்குக் கிடைத்தது?

வாசலில் சுபின் என்ற வனக்காவலர் நம் பைகளைத் திறந்து பார்த்தார். "சேட்டா, பிளாஸ்டிக் அகத்து கேற்றில்ல" என்று, பிளாஸ்டிக் உள்ளே போகக் கூடாதென்று, புளிச்சோறு கட்டியிருந்த பையை எடுத்து வெளியே வைத்தார். உடனே நீங்கள் உங்கள் மலையாளத்தில், அதாவது தமிழையே மூக்கால் பேசி, ஐந்து நிமிஷம் வாதாடினீர்கள். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, அடுத்த பிளாஸ்டிக் பையையும் எடுத்துக் காலி செய்தார். அதிலிருந்து வெற்றிலை, கொட்டைப்பாக்கு, ஒரு சீப்பு வாழைப்பழம், குங்குமம் எல்லாம் வெளியே வந்தன. சுற்றிப் பார்க்கப் போகிறவர் பையில் தாம்பூலம்! காவலர் ஒன்றும் புரியாமல், "இது பூஜையாணோ?" என்று கேட்டார். நீங்கள் வெற்றிலையைச் சட்டைப் பைக்குள்ளும், பாக்கை வேட்டி மடிப்புக்குள்ளும் திணித்துக்கொண்டு, பழத்தை அம்மாவின் துணிப்பையில் போட்டீர்கள். பெண்ணைக் கேட்பதற்கு முன்பே தாம்பூலம் தயாராக இருந்தது என்பதை இங்கே குறித்து வைக்கிறேன்.

காட்டுக்குள் தனியாக விட மாட்டார்கள், வழிகாட்டியோடு கூட்டமாகத்தான் போக வேண்டும். நமக்கு வந்த வழிகாட்டிப் பெண் ஆர்யா. என் வயதுதான் இருக்கும். காக்கிச் சட்டை, முழங்கால் வரை துணி உறை. எவ்வளவு கூட்டத்துக்கு முன்னாலும் தயங்காமல் பேசுகிறாள். எனக்கு அவளைப் பார்த்துப் பொறாமையாக இருந்தது. நம்மோடு இன்னொருவரையும் சேர்த்து அனுப்பினார்கள். கழுத்தில் பைனாகுலரும் கையில் நோட்டுமாகப் பறவை பார்க்க வந்திருந்த பெரியவர், பெயர் வெங்கிடேஷ். அவர் முதலில் ஆர்யாவிடம் மலையாளத்தில் பேசியதால் மலையாளி என்று நீங்கள் முடிவு கட்டி, அவருக்கு முன்னாலேயே குடும்ப விஷயம் அத்தனையும் தமிழில் பேசினீர்கள். அவர் வலியசாலை அக்ரஹாரத்துக்காரர், வீட்டில் தமிழ் பேசுகிறவர்.

ஆர்யா ஒரு கூடையைக் கொண்டுவந்தாள். அதில் அவள் காலில் இருந்ததைப் போன்ற துணி உறைகள். "அக்கா, இது இட்டோளூ. நேத்து மழை பெய்து, உள்ள அட்ட நிறைய உண்டு. ரத்தம் குடிக்கும்" என்று எனக்கும் ஒன்று நீட்டினாள். நான் கை நீட்டினேன். மாமா, நான் கை நீட்டினேன். அம்மாதான் அதைத் தட்டிவிட்டு, "பட்டுச் சேலைக்கு அடியில சாக்கு மாதிரி இதப் போட்டா எப்படிட்டி இருக்கும்? கொலுசு தெரியாண்டாமா?" என்று என் காதுக்குள் சொன்னார்கள். நீங்கள் போட்டுக்கொண்டீர்கள். அம்மா போட்டுக்கொண்டார்கள். அவர்கள் வீட்டில் மூன்று பேரும் போட்டுக்கொண்டார்கள். அட்டைக்கு என் கால் மட்டும்தான் பந்தி போட்டு வைத்திருந்தது.

பாதை மரப்பலகையால் போட்டது, ஒருவர் பின் ஒருவராகத்தான் நடக்க முடியும். உடனே நீங்கள் பஸ்ஸில் ஆள் ஏற்றுவதைப் போல, "முன்னால போங்க, முன்னால போங்க, நீ இங்க வா, தம்பி நீங்க அவ பின்னால நில்லுங்க" என்று எல்லோரையும் இடம் மாற்றி, இரண்டு விரலை வாயில் வைத்து ஒரு விசிலும் அடித்தீர்கள். தலைக்கு மேல் இருந்த கிளையிலிருந்து ஏதோ ஒரு பெரிய பறவை படபடவென்று எழும்பிப் போனது. வெங்கிடேஷ் பைனாகுலரைக் கண்ணிலிருந்து இறக்கி, உங்களையே பார்த்தார். ஆர்யா, "சேட்டா, இங்க ஒச்ச வெக்கக் கூடாது. பேசறதானா பதுக்கெ" என்று உதட்டில் விரலை வைத்தாள்.

நீங்கள் போட்ட வரிசையால் என்ன ஆனது? பெண் பார்க்க வந்தவர் ஒன்றரைக் கிலோமீட்டர் தூரமும் என் முதுகையும் நாலு முழம் பூவையும் பார்த்துக்கொண்டே வந்தார். நான் அவரைப் பார்க்கவே இல்லை. திரும்பி வரும்போது வரிசை தலைகீழானதால் அவர் முதுகை நான் பார்த்தேன். அவரைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம், அவருடைய நீலச் சட்டையில் இடது கைப்பட்டியைக் கோணலாக ஏற்றித் தைத்திருக்கிறார்கள் என்பது மட்டும்தான். இதை வைத்துக்கொண்டு ஒருவரை வேண்டும் என்றும் சொல்ல முடியாது, வேண்டாம் என்றும் சொல்ல முடியாது. தையற்காரனைப் பற்றி வேண்டுமானால் சொல்லலாம்.

பேசக் கூடாது என்றதும் மாடம்மாள் அம்மா தன் கேள்விகளைக் கையால் கேட்கத் தொடங்கினார். என் பக்கம் காட்டி, கரண்டி கிண்டுவதைப் போலக் கையைச் சுற்றினார். அம்மா பலமாகத் தலையாட்டி, அரைப்பது, தாளிப்பது, ஆப்பம் சுற்றுவது எல்லாவற்றையும் நடித்துக் காட்டினார்கள். எனக்கு ஆப்பம் வராது. பிறகு தையல் மிஷினைக் காட்டக் காலை ஆட்டினார்கள், பலகை அதிர்ந்தது. மாடம்மாள் அம்மா பல்லைத் தொட்டுக் காட்டினார். அம்மா என் முகவாயைப் பிடித்துத் திருப்பிப் பல்லைக் காட்டச் சொன்னார்கள். வெங்கிடேஷ் பொறுக்க முடியாமல், "மாமி, இது பட்சி முட்டையிடற எடம். கையை இப்படி வீசினாலும் பயப்படும். சித்தே சும்மா வாங்கோ" என்று சுத்தத் தமிழில் சொன்னார். அப்போதுதான் நீங்கள் இதுவரை பேசியதெல்லாம் அவருக்குப் புரிந்திருக்கிறது என்பது நமக்குப் புரிந்தது. எனக்கு அந்தப் பலகைக்கு அடியில் போய்விடலாம் போல் இருந்தது.

மாமா, அந்தக் காடு அவ்வளவு அழகாக இருந்தது. ஒரு மரத்தின் வேர் தரைக்கு மேலே பாவாடைக் கொசுவம் போல மடிப்பு மடிப்பாக விரிந்திருந்தது. மழை மேலே பெய்கிறது, சத்தம் கேட்கிறது, ஆனால் இலைகளைத் தாண்டிக் கீழே வர அதற்கு நேரமாகிறது. ஓரிடத்தில் இலைகளுக்கு நடுவே கடல் வெள்ளையாகத் தெரிந்தது. ஆர்யா அந்த மரத்தின் பெயரையெல்லாம் சொன்னாள். எனக்கு ஒன்றும் காதில் விழவில்லை. எல்லோரும் என்னையே பார்த்துக்கொண்டிருக்கும்போது நான் எப்படி மரத்தைப் பார்ப்பது? முதல் தடவையாகப் பார்த்த காட்டையும் கெடுத்தீர்கள். நிச்சயத்தை நிறுத்தினாலும் இந்தக் கோபம் போகாது என்று நினைக்கிறேன்.

பாதை முடிகிற இடத்தில், கடலைப் பார்த்தபடி ஒரு மர மேடை. அங்கே எல்லோரும் நின்றோம். நீங்கள் வன்னியராஜைப் பார்த்தீர்கள், அவர் மாடம்மாள் அம்மாவைப் பார்த்தார், அந்த அம்மா மகனைத் திரும்பிப் பார்க்காமலே தலையை ஆட்டினார். பிறகு நீங்கள் என் பக்கம் வந்து, புருவத்தை இரண்டு தடவை தூக்கி, பட்சி கலையாத குரலில், "என்னட்டி, சம்மதந்தான?" என்று கேட்டீர்கள்.

அந்த நேரம் என் வலது காலில், கொலுசுக்கு அடியில், ஏதோ குளிர்ச்சியாக நகர்ந்தது.

நான் தலை குனிந்தது அதைப் பார்க்க. பார்த்தால், பாதி சுண்டுவிரல் நீளத்தில் கறுப்பாக ஒன்று என் கணுக்காலைப் பிடித்துக்கொண்டு ஊதிக்கொண்டிருக்கிறது. இன்னொன்று பெருவிரலில் ஏறிக்கொண்டிருக்கிறது. ஆர்யாவாக இருந்தால் "அட்ட!" என்று கத்தியிருப்பாள். எனக்கு நாலு பேர் இருக்கிற இடத்தில் தண்ணீர் கேட்கவே வாய் வராது, எப்படிக் கத்துவேன்? சத்தம் போடவும் கூடாது. உதட்டைக் கடித்துக்கொண்டேன். கண்ணில் தண்ணீர் வந்தது. சேலை முந்தானையை விரலில் சுற்றி முறுக்கினேன். கால் பெருவிரலைப் பலகையில் தேய்த்து, அந்த இரண்டாவது அட்டையை உதறப் பார்த்தேன். இந்தப் பக்கம் தேய்த்தேன், அந்தப் பக்கம் தேய்த்தேன், வட்டமாகவும் தேய்த்துப் பார்த்தேன். அது விடவில்லை.

மாடம்மாள் அம்மா நெஞ்சில் கை வைத்துக்கொண்டு, "பாத்தீளா, பாத்தீளா! காலால கோலம் போடுதா! தல குனிஞ்சு கண்ணு கலங்கி, என்னா வெக்கம்! இந்தக் காலத்துல இப்படி ஒரு பொண்ணா!" என்றார். அம்மா அழுதார்கள். நீங்கள் சட்டைப் பையிலிருந்து கசங்கின வெற்றிலையை எடுத்தீர்கள். தட்டு இல்லை என்றதும் ஆர்யாவின் முதலுதவிப் பெட்டி மூடியைக் கேட்டு வாங்கி, பாக்கையும் பழத்தையும் வைத்து, வன்னியராஜின் கையில் கொடுத்து வாக்கும் கொடுத்துவிட்டீர்கள். அந்தப் பெட்டிக்குள் அட்டைக்குப் போடும் உப்பு ஒரு சின்னப் பொட்டலத்தில் இருந்தது. நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதையும் "தாம்பூலத்து மேலதான் கண்ணு" என்று மாடம்மாள் அம்மா கணக்கில் சேர்த்துக்கொண்டார்.

ஆர்யா, "இது எந்தா சம்பவம்?" என்று கேட்டாள். நீங்கள், "பெண்ணு ஓக்கே ஆயி" என்றீர்கள். அவள் சத்தம் போடக் கூடாது என்பதையே மறந்து, "அய்யோ, கங்கிராட்ஸ் அக்கா!" என்று கை தட்டினாள். வெங்கிடேஷ் நோட்டை மூடி, "பேஷ். வந்த காரியம் முடிஞ்சுடுத்தோல்லியோ? இனிமேலாவது என்னைப் பட்சி பாக்க விடுங்கோ" என்றார். நான் முதுகைத் திருப்பிக்கொண்டு, அந்த அட்டைகளை நகத்தாலேயே பிய்த்துப் போட்டேன். குதிகால் வரை ரத்தம் வழிந்தது. நடந்து வரும்போது அதைப் பார்த்த அம்மா, "சேலைய எறக்கி விடு, அவங்க பாத்துறப் போறாங்க" என்றார்கள். அவ்வளவுதான் எனக்குக் கிடைத்த வைத்தியம்.

வீட்டுக்கு வந்த பிறகு நான் என்ன செய்தாலும் அது கல்யாணக் களையாகத்தான் எல்லோருக்கும் தெரிகிறது. சாப்பிடாமல் இருந்தேன், "இந்தச் சமயத்துல அப்படித்தான் இருக்கும்" என்றார்கள். அழுதேன், "பொறந்த வீட்ட விட்டுப் போறோம்னு நெனப்பு" என்றார்கள். கோபத்தில் கதவைச் சாத்திக்கொண்டு படுத்தேன். "கனவு காணுதா" என்றார்கள். அப்பாவிடம் சொல்லலாம் என்று பக்கத்தில் போய் நின்றேன். அவர் மாவு கையோடு நிமிர்ந்து பார்த்து, "மாமா பாத்தா சரியாத்தான் இருக்கும், நீ ஒண்ணும் நெனைக்காத" என்று நான் கேட்காத கேள்விக்குப் பதில் சொன்னார். கடையில் மங்கலம் அக்கா கார்த்திகை மாதத்திலிருந்து என்னைக் கத்தரி மேசைக்கு மாற்றுவதாகச் சொல்லியிருந்தார். மூன்று வருஷமாகக் காஜாவும் பட்டனும் மட்டுமே தைத்த எனக்கு, இனி ரவிக்கை வெட்ட விடுவதாகச் சொன்ன அதே மங்கலம் அக்கா நேற்று, "அப்ப வேற பிள்ளையத்தான் தேடணும்" என்றார். யாரும் என்னிடம் கேட்கவில்லை. எல்லோரும் எனக்குப் பதில் சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள்.

நான் ஒன்பதாம் வகுப்போடு நின்றது ஏன் என்று உங்களுக்குத் தெரியும். எழுந்து நின்று பதில் சொல்லச் சொன்னால் எனக்கு வாய் வராது. பதில் தெரியும், நோட்டில் எழுதியிருப்பேன், வாய்தான் வராது. என் மௌனத்துக்குப் பள்ளிக்கூடத்தில் "தெரியாது" என்று அர்த்தம் போட்டார்கள். நீங்கள் "சம்மதம்" என்று போட்டிருக்கிறீர்கள். இரண்டும் தப்பு. நான் பேசவில்லை என்றால் நான் பேசவில்லை என்றுதான் அர்த்தம்.

செல்வகணேஷ் மேல் எனக்குக் கோபம் கிடையாது. தெரிந்தவர் மேல்தானே கோபப்பட முடியும். அவர் நல்லவராகவே இருக்கட்டும். ஆனால் நீங்கள் இந்தக் கடிதம் கிடைத்த அன்றே கழக்கூட்டம் பஸ் ஏறி, அங்கே இருக்கும் அவர்கள் வீட்டுக்குப் போய், பெண்ணுக்குச் சம்மதமில்லை, அவள் குனிந்தது அட்டையைப் பார்க்க, காலைத் தேய்த்தது அட்டையை உதற என்று நான் எழுதியிருப்பதை ஒரு வார்த்தையும் மாற்றாமல் சொல்ல வேண்டும். வெள்ளிக்கிழமை யாரும் எங்கள் வீட்டுக்கு வரக் கூடாது. வந்தால் நான் கதவைத் திறக்க மாட்டேன். இனி உங்களோடு காட்டுக்கோ கடலுக்கோ வர மாட்டேன். நீங்கள் தாய்மாமா, உங்களிடம் இப்படியெல்லாம் எழுதக் கூடாது என்று தெரியும். தெரிந்துதான் எழுதினேன்.

அத்தைக்கு என் அன்பைச் சொல்லுங்கள். அவர்களுக்கு மூட்டுவலி குறைய வேண்டும். உங்களுக்கும் எல்லா நலமும் கிடைக்கட்டும், இதைப் படித்து முடித்த பிறகு.

இப்படிக்கு,
கோபம் தீராத உங்கள் தங்கச்சி மகள்,
ஷிஜா.

பின்குறிப்பு: வியாழக்கிழமை. செவ்வாய்க்கிழமை எழுதிய இந்தக் கடிதத்தைத் தபாலில் போட எனக்கு இரண்டு நாள் தைரியம் வரவில்லை. உறையில் வைத்து ஒட்டி, கடைக்குக் கொண்டு போய்ப் பட்டன் பெட்டிக்குள் வைத்திருந்ததைப் பிரித்துத்தான் இதை எழுதுகிறேன். இன்று பதினொரு மணிக்கு மாடம்மாள் அம்மா தலைவிரி கோலமாகக் கடைக்குள் வந்தார். வந்ததும், "எம் மவன் பேசிக் கெடுத்துட்டாண்டி!" என்று நாலு மிஷின் சத்தத்துக்கும் மேலே கேட்கும்படிச் சொன்னார். செல்வகணேஷ் நேற்று வீட்டில் கல்யாணம் வேண்டாம் என்று சொல்லிவிட்டாராம். ஏன்டா என்று கேட்டதற்கு, "அந்தப் பொண்ணு சரின்னே சொல்லல. பின்னால நின்னு நான் பாத்தேன். அவ அட்டையத்தான் பாத்துட்டு நின்னா. என்னப் பிடிக்காத பிள்ளைய நான் கட்ட மாட்டேன்" என்றாராம். வன்னியராஜ் அடிக்கவே போய்விட்டாராம். "நெசமா சொல்லுட்டி, அட்டையா, வெக்கமா?" என்று மாடம்மாள் அம்மா என் இரண்டு தோளையும் பிடித்து உலுக்கினார்.

மாமா, எனக்கு வந்த கோபத்தை என்னவென்று எழுத! என்னைக் கேட்காமல் நீங்கள் சரி என்று சொன்னீர்கள். என்னைக் கேட்காமல் அவர் வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார். நல்ல எண்ணத்தில்தான் சொன்னாராம், அது எனக்குத் தெரியாமலில்லை, வீட்டில் அடி வாங்கப் பார்த்ததும் தெரியும். இருந்தாலும் எனக்குப் பிடிக்கவில்லை என்று அவரிடம் யார் சொன்னது? அட்டையைத்தான் எனக்குப் பிடிக்கவில்லை. இரண்டு அட்டை என் காலில் இருப்பதைப் பார்த்தவர், அங்கேயே சொல்லியிருந்தால் என்ன? காட்டில் பேசக் கூடாது என்றால் உப்பையாவது எடுத்துக் கொடுத்திருக்கலாமே?

இதையெல்லாம் நான் மாடம்மாள் அம்மாவிடம் சொன்னேன். எழுதிக் காட்டவில்லை, வாயால் சொன்னேன். சொல்லி முடித்த பிறகுதான் நாலு மிஷினும் நின்று போயிருப்பதும் மங்கலம் அக்கா கையில் கத்தரியோடு என்னையே பார்ப்பதும் தெரிந்தது. மாடம்மாள் அம்மா என் தோளிலிருந்து இரண்டு கையையும் எடுத்தார். பிறகு, "நீ ஊமப் பொண்ணுன்னுலா ஒன் மாமன் சொன்னான்" என்றார்.

ஆகவே மேலே எழுதியது எதையும் நீங்கள் செய்ய வேண்டாம். கழக்கூட்டம் போக வேண்டாம், யாரிடமும் எனக்காக ஒன்றும் சொல்ல வேண்டாம். வெள்ளிக்கிழமையை நிறுத்தாதீர்கள். அவர்கள் எல்லோரும் வரட்டும், முக்கியமாக அவர் வரட்டும், கதவை நானே திறக்கிறேன். என் பதிலை நான் இன்னும் யாருக்கும் சொல்லவில்லை, உங்களுக்கும் சொல்லப் போவதில்லை. முதலில் அவரிடம் கேட்க வேண்டியது நிறைய இருக்கிறது, அதற்குப் பிறகு நான் சொல்ல வேண்டியது அதைவிட நிறைய இருக்கிறது. பேசி முடிக்க எவ்வளவு நேரமாகும் என்று எனக்கே தெரியாது. அதனால் எல்லோரையும் சாப்பிட்டுவிட்டே வரச் சொல்லுங்கள்.